குடுவையில் 88%, சாதனத்தில் 1.3%: பெரோவ்ஸ்கைட் குவாண்டம் புள்ளி எல்இடியில் ஒளி எங்கே போகிறது?

#1 பச்சைத்துளி

வணக்கம். பெரோவ்ஸ்கைட் வகை நானோபடிகங்களான சீசியம் லெட் புரோமைடு புள்ளிகளை ஹாட் இன்ஜெக்‌ஷன் முறையில் (சூடான குடுவையில் சீசியம் கரைசலை ஊசியால் ஒரே அழுத்தில் செலுத்துவது) செய்து பச்சை எல்இடி கட்டும் வேலை. விவரம் கீழே.

கரைசலில் ஒளிர்வுத் திறன் (பிஎல்க்யூஒய், உறிஞ்சிய ஒளியில் திரும்ப உமிழும் பங்கு) 88%. உமிழ்வு உச்சம் 514 நானோமீட்டர், அரை உயர அகலம் 20. அதே கரைசலைக் கண்ணாடிமேல் படலமாக்கினால் 41%.

அடுக்குகள்: ஐடிஓ (ஒளி புகும் மின்வாய்), பெடாட்-பிஎஸ்எஸ், பாலி-டிபிடி (இரண்டும் ஹோல், அதாவது நேர்மின்னூட்டம், கொண்டுவரும் அடுக்குகள்), புள்ளிகள், டிபிபிஐ (எலக்ட்ரான் கொண்டுவரும் அடுக்கு) 40 நானோமீட்டர், லித்தியம் ஃபுளோரைடு 1, அலுமினியம் 100. புள்ளிகள் டொலுயினில், மில்லிலிட்டருக்கு 15 மில்லிகிராம், நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஸ்பின்.

4.1 வோல்ட்டில்தான் எரியவே தொடங்குகிறது. வெளிக் குவாண்டம் திறன் (ஈக்யூஈ) உச்சத்தில் 1.3%. நிறமாலையில் 425 பக்கம் ஒரு சின்ன மேடு. சதுர மீட்டருக்கு 100 கேண்டெலாவில் ஓட்டினால் மூன்று நிமிடத்துக்குள் பாதி வெளிச்சம் போய்விடுகிறது. பழுது புள்ளிகளிலா, அடுக்குகளிலா? எதை முதலில் பிடிப்பது?

#2 சீவகன்

கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். உள்ளே போன மின்னூட்டத்தில் எத்தனை பங்கு புள்ளிக்குள் ஜோடி சேர்கிறது, சேர்ந்ததில் எத்தனை ஒளியாகிறது, அந்த ஒளியில் எத்தனை கண்ணாடியைத் தாண்டுகிறது: மூன்றையும் பெருக்கினால் ஈக்யூஈ. மூன்றாவது, தட்டையான கண்ணாடிச் சாதனத்தில் ஏறக்குறைய 20 முதல் 25%. உங்கள் படலம் 41%. ஜோடி சேர்வது முழுமையாக இருந்தால் 8 முதல் 10% வந்திருக்க வேண்டும். வந்தது 1.3. ஆக, பெரிய ஓட்டை மின்பக்கம். புள்ளிகளின் தரம் அடுத்த பிரச்சினை.

அந்த 425 மேடு பாலி-டிபிடியின் சொந்த ஒளி. எலக்ட்ரான் புள்ளி அடுக்கைத் தாண்டி அங்கே போய் ஹோலைச் சந்திக்கிறது என்று பொருள். அடுக்கில் ஊசித்துளைகள் இருக்கலாம், அல்லது ஹோல்கள் பாலி-டிபிடியிலேயே தேங்கி நிற்கலாம். உங்கள் விஷயத்தில் இரண்டுமே என்று சந்தேகப்படுகிறேன். காரணம் ஒரே சொல்: டொலுயின்.

பாலி-டிபிடி டொலுயினில் கரையும், குளோரோபென்சீனிலும் கரையும். நீங்கள் புள்ளிகளை ஊற்றும்போதே கீழடுக்கைக் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள். ஐயமிருந்தால் ஒரு சோதனை: பாலி-டிபிடி படலத்தின் உறிஞ்சலை 380 - 390 பக்கம் அளந்துகொள்ளுங்கள். வெறும் டொலுயினை அதன்மேல் ஸ்பின் செய்து மறுபடி அள‌ந்து பாருங்கள். பின்பு புதிய துண்டு ஒன்றில் ஆக்டேனை வைத்து அதையே செய்யுங்கள். ஆக்டேனில் அளவு மாறாது. ஹெக்சேனும் கரைக்காதுதான், ஆனால் 69 டிகிரியில் கொதிப்பதால் ஸ்பின்னரில் சொட்டு விழுந்ததும் காய்ந்து கோடு கோடாக நிற்கும். 125 டிகிரியில் கொதிக்கும் ஆக்டேன் படலம் சீராகப் பரவ நேரம் கொடுக்கும்.

4.1 வோல்ட்டும் இதே கதைதான். பச்சைப் புள்ளியின் ஆற்றல் இடைவெளி 2.4 எலக்ட்ரான் வோல்ட். நல்ல சாதனம் 2.4 முதல் 2.8 வோல்ட்டுக்குள் எரிந்துவிடும். மேலே போகும் ஒவ்வொரு அரை வோல்ட்டும் ஒரு தடுப்புச் சுவருக்கோ, மின்காப்பு எண்ணெய்க்கோ நீங்கள் கட்டும் வரி.

#3 குடுவைராணி

சீவகன் அடுக்குப் பக்கம் பார்த்துவிட்டார். அந்த மின்காப்பு எண்ணெயை நான் கேட்கிறேன். எதில் கழுவினீர்கள், எத்தனை முறை, எந்த லிகண்ட் (புள்ளியைச் சுற்றிப் பிடித்திருக்கும் மூலக்கூறு)?

#4 பச்சைத்துளி

லிகண்ட் வழக்கமான ஒலிக் அமிலமும் ஒலைலமீனும். 170 டிகிரியில் ஊசி, ஐஸ் தொட்டி. கழுவியது அசிட்டோனில், ஒன்றுக்கு ஒன்று, இரண்டு முறை. இரண்டாம் கழுவலுக்குப் பிறகு கொஞ்சம் மங்கியது உண்மை.

#5 குடுவைராணி

அசிட்டோனும் எத்தனாலும் காட்மியம் செலினைடுக்காரர்களின் பழக்கம். அங்கே லிகண்ட் இறுகப் பிடித்திருக்கும். இங்கே கதை வேறு. பெரோவ்ஸ்கைட்டின் மேல் ஒலிக் அமிலமும் ஒலைலமீனும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறி இறங்கும் டவுன் பஸ் பயணிகள். கரைசலில் இறங்குகிறவர்களுக்குச் சமமாக ஏறுகிறவர்கள் இருப்பதால் 88% காட்டும். முனைவுள்ள திரவத்தை ஊற்றினால் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒலைலமோனியம் போகும்போது ஒரு புரோமைடையும் கூட்டிக்கொண்டு போகிறது. அந்தக் காலி இடத்தில் அரைகுறையாக நிற்கும் லெட் அணுதான் உங்கள் 41%.

செய்முறையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2015இல் சூரிச் கோவலெங்கோ குழு வெளியிட்ட அளவுகள்தான் இன்றும் எல்லாருக்கும் அடிப்படை:

சீசியம் ஒலியேட்: சீசியம் கார்பனேட் 0.814 கிராம், ஆக்டாடெசீன் 40 மில்லிலிட்டர், ஒலிக் அமிலம் 2.5 மில்லிலிட்டர். 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வெற்றிடத்தில் உலர்த்தி, நைட்ரஜனில் 150 டிகிரிக்கு ஏற்றித் தெளியும்வரை வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் இது வெள்ளையாக உறைந்துவிடும். ஊசியில் எடுக்கும் முன் 100 டிகிரிக்குச் சூடாக்காவிட்டால் பாதி சீசியம் குடுவையின் அடியிலேயே தங்கிவிடும்.

லெட் புரோமைடு 69 மில்லிகிராம், ஆக்டாடெசீன் 5 மில்லிலிட்டர், 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வெற்றிடம். பிறகு நைட்ரஜனில், தனியே உலர்த்திய ஒலைலமீன் 0.5, ஒலிக் அமிலம் 0.5 மில்லிலிட்டர். உப்பு முழுக்கக் கரைந்து கண்ணாடிபோல் தெளிந்த பிறகுதான் வெப்பத்தை ஏற்ற வேண்டும். கலங்கல் இருக்கும்போதே ஊசி போட்டால் அளவு பரவலாகும். 140இலிருந்து 200 டிகிரிக்குள் எங்கே நிறுத்துகிறீர்களோ அதைப் பொறுத்துப் புள்ளியின் பருமன். சீசியம் ஒலியேட் 0.4 மில்லிலிட்டர், ஒரே அழுத்தில். ஐந்து விநாடி. ஐஸ் தொட்டி.

ஐஸ் தொட்டியில் மறந்து விட்டுவிடாதீர்கள். ஆக்டாடெசீன் ஏறத்தாழ 15 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், ஒலிக் அமிலமும் அப்படித்தான். அறை வெப்பத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். குளிரூட்டிய சென்ட்ரிபியூஜும் அதனால்தான் வேண்டாம். அடியில் வரும் வெள்ளை மெழுகைப் புள்ளி என்று நினைத்து எடுப்பவர்கள் உண்டு.

கழுவல்: முதல் சுற்று எதிர்க்கரைப்பான் எதுவும் சேர்க்காமல் அப்படியே சுழற்றுங்கள், மேல்திரவத்தைக் கொட்டுங்கள். அடியில் உள்ளதை மிகக் குறைந்த ஹெக்சேனில் கலக்கி, அதற்கு இரண்டு மூன்று பங்கு மெத்தில் அசிடேட் அல்லது எத்தில் அசிடேட் சேர்த்து மறுபடி சுழற்றுங்கள். இப்படி இரண்டு முறை போதும். ஒருமுறை மட்டும் என்றால் ஆக்டாடெசீன் மீந்து படலம் எண்ணெய் பிசுக்காக, காயாமல் இருக்கும். மூன்றாவது முறை போனால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி உச்சம் 520ஐத் தாண்டும். ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பாருங்கள், நிறமாலையும் எடுங்கள். 5 நானோமீட்டருக்கு மேல் சிவப்புப் பக்கம் நகர்ந்தால் அந்தக் குடுவை சாதனத்துக்கு ஆகாது.

2017இல் ஹெக்சேனும் எத்தில் அசிடேட்டும் வைத்து லிகண்ட் அடர்த்தியை மட்டும் சரிசெய்தே ஒரு சீனக் குழு ஈக்யூஈயை 6.27%க்குக் கொண்டுபோனது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு இதே பொருளின் முதல் எல்இடி காட்டியது 0.12%. புதுப் பொருள் எதுவும் இல்லை, கழுவிய விதம்தான்.

#6 லெட் பென்சில்

இவ்வளவு கூத்து எதற்கு? சீசியம் புரோமைடு, லெட் புரோமைடு தலா 0.4 மில்லிமோல், 10 மில்லிலிட்டர் டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு கரைப்பான்), ஒலிக் அமிலம் 1, ஒலைலமீன் 0.5 மில்லிலிட்டர். அதில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து வேகமாகக் கலக்கும் 10 மில்லிலிட்டர் டொலுயினில் விட்டால் அறை வெப்பத்திலேயே பச்சை. நைட்ரஜனும் வேண்டாம், ஷ்லெங்க் லைனும் (காற்றுப் படாமல் வேலை செய்யும் குழாய் அமைப்பு) வேண்டாம்.

#7 குடுவைராணி

விளக்கக் காட்சிக்கு அருமையான முறை. கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் காட்ட அதைத்தான் சொல்வேன். சாதனத்துக்கு என்றால் மூன்று தொல்லை. சீசியம் புரோமைடு டிஎம்எஃபில் லேசில் கரையாது. லிட்டருக்கு 0.04 மோலே கிட்டத்தட்ட எல்லை, அதனால் ஒரு தடவைக்குக் கிடைக்கும் புள்ளி குறைவு. இரண்டாவது, மிஞ்சிய டிஎம்எஃப் புள்ளியை மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டே இருக்கும். கலந்த சில நிமிடத்துக்குள் பிரித்தெடுக்காவிட்டால் உச்சம் நகரும். மூன்றாவது, அமீன் கொஞ்சம் கூடினாலும் சீசியம் மிகுந்த இன்னொரு கட்டம் (நான்கு சீசியம், ஒரு லெட், ஆறு புரோமைடு) உருவாகும். பச்சையாக ஒளிராது, கரைசல் பால்போல் வெளுக்கும். உறிஞ்சலில் 314 பக்கம் கூர்மையான முள் தெரிந்தால் அதுதான். ஹாட் இன்ஜெக்‌ஷனிலும் அமீன் கூடினால் அதே வில்லன் வருவான்.

டிஎம்எஃப் பற்றி இன்னொன்று: அது தோலுக்குள் புகும், கரைந்த லெட்டையும் கூட்டிக்கொண்டு. சாதாரண நைட்ரைல் கையுறையை டிஎம்எஃப் சீக்கிரம் கடந்துவிடும். பியூட்டைல் ரப்பர் போடுங்கள், அல்லது சொட்டுப் பட்டதும் கழற்றி எறியுங்கள்.

#8 அமீன் அண்ணாச்சி

லிகண்ட் பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். கழுவலை எவ்வளவு திருத்தினாலும் ஒலைல் ஜோடி வைத்திருக்கும்வரை ஒரு முரண் தீராது. நீண்ட 18 கார்பன் வால்தான் புள்ளியைக் கரைசலில் மிதக்க வைக்கிறது. அதே வால்தான் படலத்தில் மின்னோட்டத்தை மறிக்கிறது. நீக்கினால் புள்ளி சாகும், விட்டால் சாதனம் சாகும். இந்தத் துறையில் பத்து ஆண்டாக நடப்பதெல்லாம் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கும் வேலைதான் என்பேன்.

உடனே செய்து பார்க்கக்கூடியது டிடிஏபி, அதாவது டைடோடெசில் டைமெத்தில் அமோனியம் புரோமைடு. நான்கு கரங்களும் நிரம்பிய அமோனியம் ஆனதால் புரோட்டானை இழந்து அமீனாகிப் பறந்துபோக வழியில்லை. வால் 12 கார்பன். கூடவே புரோமைடையும் கொண்டுவந்து காலி இடத்தை நிரப்புகிறது. ஒரு கல்லில் மூன்று மாங்காய்.

தொடங்க ஓர் அளவு: கழுவிய புள்ளிகள் மில்லிலிட்டருக்கு 15 மில்லிகிராம், ஒரு மில்லிலிட்டர். முதலில் ஒலிக் அமிலம் 50 மைக்ரோலிட்டர் சேர்த்துக் கலக்குங்கள். அது பழைய ஒலைலமீனைத் தளர்த்தும். பிறகு டிடிஏபி 0.05 மோலார் டொலுயின் கரைசல் 100 மைக்ரோலிட்டர். சில நிமிடம் கலக்கி, எத்தில் அசிடேட்டில் வீழ்த்தி, ஆக்டேனில் எடுங்கள். அளவை 50, 100, 150 என்று மூன்று சிறு குப்பியில் வைத்துப் பாருங்கள். கூடிப்போனால் சீசியத்தையே உருவிவிடும். லெட் மிகுந்த தகட்டுக் கட்டம் வந்து ஒளி அவியும்.

ஸ்விட்டர் அயனி லிகண்டுகள் (2018), லெசித்தின் (2019) என்று கோவலெங்கோ குழு அடுத்தடுத்துக் காட்டியவை இன்னும் இறுகப் பிடிப்பவை. ஒரே மூலக்கூறில் நேர், எதிர் இரண்டும் இருப்பதால் ஒரு கை நழுவினாலும் மறு கை பிடித்திருக்கும். கரைசலை நீர்த்துப்போகச் செய்தாலும் ஒளி குன்றாது. வைத்திருக்கவும் கழுவவும் பிரமாதம். சாதனத்துக்கு அளவோடுதான், வால் நீளம்.

#9 பச்சைத்துளி

அண்ணாச்சி, புரோமைடு குறைவுதான் கோளாறு என்றால் செய்முறையிலேயே லெட் புரோமைடைக் கூட்டினால் என்ன?

#10 அமீன் அண்ணாச்சி

ஏற்கெனவே கூடுதல்தான். 0.4 மில்லிலிட்டர் சீசியம் ஒலியேட்டில் 0.05 மில்லிமோல் சீசியம், குடுவையில் 0.188 மில்லிமோல் லெட். கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஆனால் புரோமைடு லெட்டோடு கட்டுண்டே வருகிறது, தனியாகக் கூட்ட முடியாது. அதற்காகத்தான் லெட்டை அசிடேட்டாகவும் புரோமைடைப் பென்சாயில் புரோமைடாகவும் தனித்தனியே கொடுக்கும் முறை 2018இல் இத்தாலியின் மன்னா குழுவிடமிருந்து வந்தது. விகிதத்தை இஷ்டத்துக்கு நகர்த்தலாம். பென்சாயில் புரோமைடு கண்ணீர் வரவழைக்கும் சரக்கு. புகைக்கூண்டுக்கு வெளியே திறக்காதீர்கள்.

#11 சீவகன்

அடுக்குகளுக்கு வருகிறேன்.

ஐடிஓ: சோப்பு நீர், வடிநீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால், ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் அல்ட்ராசோனிக், பிறகு யுவி ஓசோன் 15 நிமிடம். பெடாட் 4083 வகை, 0.45 மைக்ரான் வடிகட்டி, 4000 சுற்று, காற்றிலேயே 150 டிகிரி 15 நிமிடம், சூடு ஆறாமல் குளோவ் பாக்ஸுக்குள். பாலி-டிபிடி குளோரோபென்சீனில் மில்லிலிட்டருக்கு 8 மில்லிகிராம், 3000 சுற்று, 130 முதல் 150 டிகிரியில் 20 நிமிடம். புள்ளிகள் ஆக்டேனில் 10 முதல் 15 மில்லிகிராம், 0.22 மைக்ரான் பிடிஎஃப்இ வடிகட்டி, 2000 சுற்று. இலக்கு 20 - 30 நானோமீட்டர், அதாவது இரண்டு மூன்று புள்ளி அடுக்கு. அதற்குக் குறைந்தால் துளை, கூடினால் மின்தடை. சூடு வேண்டாம். செய்தே ஆக வேண்டுமென்றால் 60 டிகிரி, சில நிமிடம்.

ஆற்றல் மட்டங்களைப் பாருங்கள். பாலி-டிபிடியின் ஹோல் மட்டம் 5.4 எலக்ட்ரான் வோல்ட். புள்ளியுடையது 5.9, 6 பக்கம். அரை எலக்ட்ரான் வோல்ட் ஏற்றம். மறுபக்கம் டிபிபிஐயில் 2.7, புள்ளியில் 3.5 பக்கம். எலக்ட்ரானுக்கு இறக்கம். எலக்ட்ரான் வெள்ளமாக வருகிறது, ஹோல் பட்டினி. மிஞ்சிய எலக்ட்ரான் புள்ளியிலேயே தங்கி அடுத்த ஜோடியின் ஆற்றலையும் தின்னும். ஓஜே இழப்பு என்பது அதுதான்.

பிவிகே என்ற இன்னொரு ஹோல் பாலிமர் 5.8இல் இருப்பதால் படி குறையும், ஆனால் ஹோல் நகர்வு பாலி-டிபிடியைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மெதுவு. இரண்டையும் குளோரோபென்சீனில் கலந்து ஊற்றுவது நடைமுறைச் சமரசம். இன்னொரு வழி, பெடாட்டிலேயே ஃபுளோரின் ஏற்றிய அயனிப் பாலிமர் கலப்பது. சியோலில் டே-வூ லீ குழு நெடுங்காலமாகச் செய்வது அதைத்தான். மேல்பரப்பில் அந்தப் பாலிமர் மிதந்து, வேலைச்சார்பை (எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) 5.2இலிருந்து 5.9 அருகே தூக்கும். பெடாட் ஒளியை அணைப்பதையும் தடுக்கும்.

எந்தப் பக்கம் பட்டினி என்று ஊகிக்க வேண்டாம். ஹோல் மட்டும் ஓடும் சாதனம் ஒன்று, எலக்ட்ரான் மட்டும் ஓடும் சாதனம் ஒன்று கட்டி, ஒரே வோல்ட்டில் மின்னோட்டத்தை ஒப்பிடுங்கள். ஒரே நாள் வேலை, ஒரு மாதக் குருட்டுச் சோதனையை மிச்சப்படுத்தும்.

#12 நெய்தல்

காட்மியம் புள்ளி எல்இடியில் ஜிங்க் ஆக்சைடு நானோதுகள்தானே எலக்ட்ரான் அடுக்கு? டிபிபிஐக்கு ஆவியாக்கல் அறை வேண்டும், எங்களிடம் அது கிடையாது.

#13 சீவகன்

ஜிங்க் ஆக்சைடின் மேற்பரப்பு காரத்தன்மை உள்ளது, ஹைட்ராக்சில் நிறைந்தது. மெத்திலமோனியம், ஃபார்மமிடினியம் வகைகளில் அது புரோட்டானைப் பறித்து அந்த அயனியையே சிதைத்துவிடும். சீசியம் வகை தாக்குப்பிடிக்கும் என்றாலும், புள்ளிகள்மேல் ஜிங்க் ஆக்சைடை ஊற்ற எத்தனால் வேண்டும். எத்தனால் பட்டால் புள்ளி காலி. கீழே ஜிங்க் ஆக்சைடு வைத்துத் தலைகீழாகக் கட்டலாம், அப்போதும் ஹோல் பக்கத்துக்கு ஆவியாக்கல் வேண்டும். உலோக மின்வாய்க்கு எப்படியும் அந்த அறை தேவைதானே.

#14 லெட் பென்சில்

0.12, 6.27 என்று பழைய கணக்கே பேசுகிறீர்கள். 2022இல் நேச்சர் இதழில் 28.9% வந்தாயிற்று. 4,70,000 கேண்டெலா. புள்ளிகள் ஜெயித்துவிட்டன, சும்மா அழவேண்டாம்.

#15 அமீன் அண்ணாச்சி

அது குப்பியில் செய்த புள்ளி அல்ல. டே-வூ லீ குழு முதலில் பல்படிகப் படலம் போட்டு, அதன்மேல் பென்சைல் பாஸ்பானிக் அமிலக் கரைசலை விட்டது. அமிலம் பெரிய மணிகளுக்குள் புகுந்து 10 நானோமீட்டர் அளவிலான சிறு மணிகளாக அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றி உறையாகப் பிணைந்தது. புள்ளியின் அடைப்பும் படலத்தின் கடத்தலும் ஒரே இடத்தில். நீண்ட வால் கிடையாது, கழுவல் கிடையாது. நான் மேலே சொன்ன முடிச்சை அவிழ்க்கவில்லை, முடிச்சே விழாத வழியில் போய்விட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் இந்த இழையில் கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை.

குப்பிப் புள்ளிகளில் பச்சைக்கு அதே குழுவின் 2021 வேலை 23.4%. ஃபார்மமிடினியம் லெட் புரோமைடில் பத்தில் ஒரு பங்கு குவானிடினியம். சிவப்புக்கு ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தின் 2018 வேலை 21.3%. அதில் சாதனத்தின் ஆயுள் நிமிடக் கணக்கு. திறனை மட்டும் பார்த்துக் கைதட்டுபவர்கள் அந்த வரியையும் படிக்க வேண்டும்.

#16 லெட் பென்சில்

ஒப்புக்கொள்கிறேன், படலம்தான். ஆனால் அதே கட்டுரையில் ஆயுள் 30,000 மணி நேரம் என்றும் போட்டிருக்கிறது.

#17 சீவகன்

அளந்தது 1000 கேண்டெலாவில் 520 மணி நேரம். 30,000 என்பது 100 கேண்டெலாவுக்குக் கணித்தது. ஆரம்ப ஒளிர்வின் ஒரு அடுக்கை ஆயுளால் பெருக்கினால் மாறிலி என்ற விதியில், அந்த இரு எண்களும் சேர்ந்து அடுக்கெண் ஏறத்தாழ 1.76 என்கின்றன. வழக்கமான 1.5 முதல் 2 வரம்புக்குள்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. உங்கள் சாதனத்துக்கு அந்த எண்ணைக் கடன் வாங்காதீர்கள் என்கிறேன். குறைந்தது மூன்று ஒளிர்வில் ஓட்டி, சாய்விலிருந்து நீங்களே எடுங்கள். பெரோவ்ஸ்கைட்டில் சிதைவு சூட்டால் மட்டும் வருவதில்லை, மின்புலத்தில் புரோமைடு நகர்வதாலும் வருகிறது. இரண்டும் ஒளிர்வோடு ஒரே மாதிரி ஏறாது.

பச்சைத்துளியின் மூன்று நிமிடத்துக்கும் இங்கேதான் காரணம். காலி இடம் நிறைந்த புள்ளி, 4 வோல்ட்டுக்கு மேல் புலம். புரோமைடு காலி இடம் வழியாகத் தாவி நேர்மின்வாய்ப் பக்கம் நகர்கிறது. ஒரு சோதனை உண்டு: பாதி மங்கியதும் நிறுத்தி, இருட்டில் சில மணி நேரம் வைத்து மறுபடி ஓட்டுங்கள். ஒரு பகுதி மீண்டால் அந்தப் பங்கு அயனி நகர்வு. மீளாதது வேதிச் சிதைவு.

#18 நெய்தல்

நீலத்துக்கு என்ன வழி? குளோரைடு கலந்தால் 470 வருகிறது. வோல்ட் ஏற்றினால் பச்சைப் பக்கம் ஓடுகிறது.

#19 குடுவைராணி

ஓடத்தான் செய்யும். குளோரைடும் புரோமைடும் மின்புலத்தில் பிரிந்து, புரோமைடு கூடிய தீவுகள் உருவாகும். ஆற்றல் குறைந்த அந்தத் தீவுகளுக்கே ஜோடிகள் எல்லாம் சரியும். சிறு பிரிவினையே நிறத்தை மாற்றப் போதும். குளோரைடு காலி இடம் ஆற்றல் இடைவெளியின் ஆழத்தில் மட்டம் போடுவதால் ஒளியையும் தின்னும்.

ஹாலைடைக் கலக்காமல் அளவைக் குறைப்பதே நேர்வழி. சீசியம் லெட் புரோமைடின் போர் (Bohr) விட்டம், அதாவது எலக்ட்ரான்-ஹோல் ஜோடியின் இயல்பான அளவு, 7 நானோமீட்டர். 4 பக்கம் இறக்கினால் தூய புரோமைடிலேயே நீலம் கிடைக்கும். டொராண்டோவில் சார்ஜென்ட் குழு 2020இல் அப்படித்தான் 479 நானோமீட்டரில் 12.3% எடுத்தது. லிகண்டுக்குப் பதிலாக இரு அடுக்கு அயனி உறை. சிக்கல் என்னவென்றால் 4 நானோமீட்டரில் பரப்பு பெரிது, ஒரு கழுவல் கூடினாலும் ஒட்டிப் பச்சையாகிவிடும். திரை நிறத் தரமான பிடி 2020 கேட்பது 467, இன்னும் தூரம் இருக்கிறது.

அதே தரம் பச்சைக்குக் கேட்பது 532. பச்சைத்துளி கவனிக்க: உங்கள் 514 அழகான பச்சைதான், திரைக்கு நீலம் கூடிய பச்சை. 530 வேண்டுமென்றால் சீசியத்தை விட்டு ஃபார்மமிடினியத்துக்குப் போக வேண்டும்.

#20 அமீன் அண்ணாச்சி

சிவப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீசியம் லெட் அயோடைடு பெரும் படிகமாக அறை வெப்பத்தில் மஞ்சளாகிவிடும், ஒளிராது. கறுப்புக் கட்டத்துக்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும். புள்ளி அளவில் பரப்பு ஆற்றல் அதைக் கறுப்பிலேயே பிடித்து வைக்கும், கழுவல் சரியாக இருந்தால். 2016இல் அமெரிக்காவின் என்ஆர்இஎல் ஆய்வகம் காட்டியது இதுதான், மெத்தில் அசிடேட் பழக்கமும் அங்கிருந்தே பரவியது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அபிஷேக் ஸ்வர்ன்கர், அதற்கு முந்தைய ஆண்டு புனே ஐசரில் அங்ஷுமன் நாக் குழுவில் சீசியம் லெட் புரோமைடு புள்ளிகளை அலசியவர். இந்தத் துறை தொடங்கிய ஆண்டிலேயே நம் நாட்டிலிருந்தும் வேலை வந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அயோடைடு-புரோமைடு கலவைக்கு ஈடிடிஏ போன்ற கொடுக்கு மூலக்கூறால் பரப்பில் தளர்ந்த லெட்டை அகற்றுவது பலன் தந்தது. 2021இல் 620 நானோமீட்டரில் 20.3%, நிறப் பிரிவினையும் அடங்கியது. தளர்ந்த லெட்தான் அயனி நகர்வின் வாசல் என்பதற்கு நல்ல சான்று.

#21 ஒளிமானி

அளவீடு பற்றி யாருமே பேசவில்லை. 1.3 உண்மையில் 1.3தானா?

514 உச்சத்தில் ஒரு விழுக்காடு ஈக்யூஈ என்றால் ஆம்பியருக்குச் சுமார் 3.2 கேண்டெலா வர வேண்டும். 530இல் சுமார் 4.4. ஒளிர்வுமானியும் நிறமாலையும் தரும் எண்கள் இந்த விகிதத்தில் இல்லையென்றால் பிக்சல் பரப்பைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது 425 மேட்டையும் பச்சையாக எண்ணிவிட்டீர்கள். லாம்பர்ட் பரவல் (எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே ஒளிர்வு) என்று ஊகித்து நேர்முகத்தில் மட்டும் அளப்பவர்கள், கோணத்தைத் திருப்பி ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். கண்ணாடி விளிம்பிலிருந்து வரும் ஒளி டிடெக்டரில் விழுந்தால் எண் வீங்கும், விளிம்பைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள்.

கரைசலின் 88%மும் ஐயத்துக்குரியதே. இந்தப் புள்ளிகளில் உறிஞ்சலும் உமிழ்வும் நெருக்கம், தன் ஒளியைத் தானே குடிக்கும். செறிவான கரைசலில் உச்சம் தானாகவே சிவப்புப் பக்கம் நகரும். தூண்டும் அலைநீளத்தில் உறிஞ்சல் 0.1க்குக் கீழே வரும்வரை நீர்க்க வையுங்கள். ஆனால் ஒலைல் ஜோடி லிகண்டில் மிக நீர்த்தால் பயணிகள் இறங்கிவிடுவார்கள், குடுவைராணி சொன்னபடி. நீர்த்த உடனே அளந்துவிட வேண்டும்.

எரிவதற்கு முன், 1 வோல்ட்டில் மின்னோட்டம் எவ்வளவு? சதுர சென்டிமீட்டருக்கு 0.001 மில்லிஆம்பியரைத் தாண்டினால் கசிவு. அந்த பிக்சலின் ஈக்யூஈயை எழுதி வைப்பதே வீண்.

#22 பச்சைத்துளி

1 வோல்ட்டில் 0.02 மில்லிஆம்பியர் இருக்கிறது. ஆக, கசிவும் உண்டு. பாலி-டிபிடி மேல் டொலுயின் சோதனையும் செய்தாயிற்று, உறிஞ்சல் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆக்டேனில் மாற்றமே இல்லை. ஆக்டேன், எத்தில் அசிடேட் இரண்டு கழுவல், டிடிஏபி 100 மைக்ரோலிட்டர் என்று மாற்றியதில் படலம் 41இலிருந்து 66%. சாதனம் 2.9 வோல்ட்டில் எரிகிறது, 425 மேடு போய்விட்டது, ஈக்யூஈ 5.8%. ஆயுள் மட்டும் இன்னும் அரை மணி நேரத்தைத் தொடவில்லை. கையில் உள்ளது குளோவ் பாக்ஸும் யுவி எபாக்ஸியும் (புற ஊதா ஒளியில் இறுகும் பசை). உறையிடுவதில் கவனிக்க வேண்டியது என்ன? இன்னொன்று: லெட் இருப்பதால் இதைத் திரையில் பயன்படுத்தவே முடியாது என்கிறார்களே?

#23 சீவகன்

66% படலத்துக்கு 13 - 16% வர வேண்டும், இன்னும் பாதிக்கு மேல் மின்பக்கம் போகிறது. ஹோல் பட்டினிதான் மிச்சம். பிவிகே கலவையோ ஃபுளோரின் பாலிமர் கலந்த பெடாட்டோ அடுத்தது. பெடாட்டின் அமிலமும் அது பிடித்து வைத்திருக்கும் ஈரமும் ஆயுளையும் குறைக்கும், ஆகவே அந்த மாற்றத்தில் இரண்டுமே ஏறலாம்.

#24 ஒளிமானி

லெட்: மின்னணுக் கருவிகளில் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ரோஸ் விதி, ஒருபடித்தான பொருளின் எடையில் லெட் 0.1%, காட்மியம் 0.01%. இந்தப் புள்ளியின் எடையில் 35.7% லெட். பின்னொளி நிறமாற்றப் படலத்தில் பாலிமருக்குள் புள்ளிகளைத் தூவும்போது, எடையில் 0.28%க்குக் கீழே வைத்தால் விதிக்குள் வந்துவிடலாம். எல்இடியில் புள்ளி அடுக்கே தனிப் பொருளாகக் கணக்காகும். 30 நானோமீட்டருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் லெட்தான், ஆனாலும் கண்ணாடியின் எடையோடு சேர்த்து வகுத்துத் தப்பிக்க முடியாது. டின் வைத்துச் செய்யலாம் என்பார்கள். இரண்டு இணைதிறன் டின் காற்றுப் பட்டால் நான்காகிவிடும், ஒளியிலும் புள்ளியாக லெட்டுக்கு ஈடாகவில்லை. முதலில் சந்தைக்குப் போகக்கூடியது நிறமாற்றப் படலம்தான். அங்கே மின்னோட்டமே இல்லை, எனவே சிலிக்கா உறை, பாலிவினைலிடீன் ஃபுளோரைடு என்று எதையும் தடிமனாகப் பூசலாம். பெய்ஜிங் குழு 2016இல் அந்தப் பாலிமருக்குள்ளேயே மெத்திலமோனியம் புள்ளிகளை வளர்த்து 94% அளவுக்கு ஒளிர்வு எடுத்தது.

#25 குடுவைராணி

கழிவை மறக்க வேண்டாம். கழுவல் திரவம், வடிகட்டி, கையுறை, துடைத்த தாள் எல்லாம் லெட் கழிவு. சிங்கில் ஒரு சொட்டுப் போகக்கூடாது. கரைப்பான் குப்பியும் திடக் கழிவுப் பையும் தனித்தனியே, பெயர் எழுதி.

#26 சீவகன்

எபாக்ஸி: மூடும் கண்ணாடியின் விளிம்பில் மட்டும் கோடாகப் போடுங்கள், பிக்சல்மேல் படக்கூடாது. கெட்டியாகாத எபாக்ஸியின் ஆவியே புள்ளியை அணைக்கும். நடுவே ஒரு சிறு ஈர உறிஞ்சித் துண்டு ஒட்டுங்கள். யுவி அடிக்கும்போது பிக்சல்களை அலுமினியத் தாளால் மறைத்து, 365 விளக்கில் எபாக்ஸித் தயாரிப்பாளர் சொன்ன நேரம் மட்டும். பிறகு சூடேற்றிக் கெட்டிப்படுத்தச் சொல்லியிருந்தால் அதை விட்டுவிடுங்கள், 80 டிகிரிக்கு இந்தப் படலம் தயாரில்லை. மின்வாய் வெளியே வரும் இடத்தில் அலுமினியத்தின் விளிம்பு எபாக்ஸிக்கு உள்ளேயே முடிந்து, வெளியே ஐடிஓ மட்டும் நீளுமாறு மாஸ்க்கை வரையுங்கள். அலுமினியம் வெளியே நீண்டால் ஈரம் அதன் அடியில் ஊர்ந்து உள்ளே வரும், பிக்சலின் ஓரத்திலிருந்து கறுப்பு படரத் தொடங்கும்.